துரைசாமி எழுதிய படக் கார்டு

ஜாலான் புசார்,
சிங்கப்பூர்.
26-4-1965

அன்பு மகள் சாயிரா பானுவுக்கு உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை, உன் உம்மாவின் முழங்கால் வலிகூட இப்போது பரவாயில்லை. லீட்ஸில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நீ, காலுக்குக் கம்பளி உறை போடாமல் இருக்காதே. பெருநாள் கடிதத்தில் ரவூப் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் எழுதியபோது உன் தம்பி வீட்டில் இல்லை, போலீஸ் காவலில் இருந்தான். பதறாதே, இப்போது வந்துவிட்டான், மாடியில்தான் படுத்திருக்கிறான். இந்தச் செய்தி வேறு யார் வாயாலாவது உனக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஆர்ச்சர்ட் ரோட்டில் வங்கி இருக்கிற கட்டடத்தில் இந்தோனேசியாக்காரர்கள் குண்டு வைத்ததை நீ அங்கேயே பேப்பரில் படித்திருப்பாய். அதற்கப்புறம் ஊர் முன்போல் இல்லை. பஸ்ஸில் யாராவது பையை விட்டுவிட்டு இறங்கினால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இந்த நேரத்தில்தான் உன் தம்பி ஒரு சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள் முடிந்து நேராக, ஜோகூருக்குக் கடலைத் தாண்டிப் போகிற காஸ்வே பாதைக்குப் போயிருக்கிறான். அவன் படம் போட்ட தபால் கார்டு சேர்க்கிற பைத்தியம் உனக்குத் தெரியும், ஆனால் நீ போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, படம் பிடித்தவன் எங்கே நின்றானோ அதே இடத்தைத் தேடிப்போய் நின்று, எது இருக்கிறது எது இடிந்துவிட்டது என்று பென்சிலால் கார்டின் பின்னால் எழுதுவான். அன்றைக்கும் தண்ணீர்க் குழாய் போகிற பக்கமாகப் பழைய காஸ்வே படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்ப்பதும் எழுதுவதுமாக நின்றிருக்கிறான். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் பிடித்துவிட்டார்கள். சட்டைப்பையைத் துழாவினால் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து முன்னொரு காலத்தில் வந்த படக் கார்டு ஒன்று. அங்கே ஒரு பள்ளி வாத்தியார் இவனோடு கார்டு மாற்றிக்கொண்டிருந்தார், சண்டை ஆரம்பித்த பிறகு தபாலே இல்லை. ஆனால் சுரபாயா என்ற பெயரைப் பார்த்தவர்களிடம் அதையெல்லாம் யார் சொல்வது.

சாயங்காலம் கடைக்குச் சோதனை போட வந்தார்கள். நம் கடையில் என்ன இருக்கிறது, ஆணி, பூட்டு, கீல், கம்பிச் சுருள். மற்ற நாளில் அதெல்லாம் சாமான், அன்றைக்கு எனக்கே அந்தக் கம்பியைப் பார்க்கப் பயமாக இருந்தது. மாடியில் அவன் டப்பாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். துறைமுகம், பாலம், மணிக்கூண்டு, நீர்த்தேக்கம், ஒவ்வொன்றின் பின்னாலும் அம்புக்குறியும் எண்ணும் இரண்டு பேர் கையெழுத்தும். நீ அனுப்பிய லீட்ஸ் டவுன்ஹால் படமும் போயிற்று, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நீ எழுதியதை மலாய் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என்னை இன்சே என்று மரியாதையாகத்தான் அழைத்தார். ஆனால் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது?"

அது துரைசாமியுடையது. அவரை உனக்குத் தெரியாது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி, என்னைவிடக் கொஞ்சம் இளையவர், குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இருக்கிறார். இருபது வருஷமாகப் படக் கார்டு சேர்க்கிறவர். பழைய புத்தகக் கடையில் ஒரே கார்டுக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் ரவூப்போடு பழக்கமானார். ஞாயிற்றுக்கிழமையானால் பிஸ்கட் டப்பாவோடு நம் கடைக்கு வந்துவிடுவார், பின்கட்டு மேசையில் இரண்டு பேரும் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு பேசுவதைக் கேட்டால் வயது வித்தியாசமே தெரியாது. பழைய இடத்தைத் தேடிப்போய் எழுதுகிற வேலையே அவர் யோசனைதான், ஒரு வாரம் அவர் போவார், மறு வாரம் இவன். ஆகவே ரவூப் விசாரணையில் அவர் பெயரைச் சொன்னான், அவரைக் கேளுங்கள், எல்லாம் தெரியும் என்று. அவர்களும் போய்க் கேட்டார்கள். துரைசாமி, அப்படி ஒரு பையனைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லோடு உன் தம்பி பொய்க்காரனாகிவிட்டான். இரண்டாவது ஆள் யார், எங்கே இருக்கிறான் என்று கேள்வி இன்னும் இறுகியது. பெருநாள் தொழுகைக்கு நான் தனியாகப் போனேன். கட்டித் தழுவ வந்தவர்களில் சிலர் பாதியில் கையை எடுத்துக்கொண்டார்கள். உன் உம்மா பிரியாணிச் சட்டியைத் திறக்கக்கூட இல்லை. மறுநாள் துணி மடிக்கும்போது ரவூப்பின் கைலிகளுக்கு நடுவே ஒரு கார்டு கிடைத்தது, சோதனை போட்டவர்கள் கண்ணில் படாதது. தபாலில் வந்த கார்டு, பினாங்கு மலை ரயில் படம். பின்னால், "ரவூப் தம்பிக்கு, எனக்குக் காய்ச்சல். இந்தச் சனிக்கிழமை காஸ்வேக்கு நீ போய்ப் பார்த்து எழுதி வா" என்று எழுதி, துரைசாமி என்று கையெழுத்தும் இருந்தது. உம்மா அதை என் கையில் திணித்தாள். "இதக் கொண்டுபோய் அவங்க மேசைல வைங்க. நம்ம பிள்ளைய உள்ள தள்ளிட்டு அவரு வீட்ல சோறு திங்கிறாரு" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் நான் முதலில் குவீன்ஸ்டவுனுக்குத்தான் பஸ் ஏறினேன். இரக்கத்தால் இல்லை மகளே, முகத்துக்கு நேராக மிரட்டிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்ற ஆத்திரம்.

அன்று அவர்களுக்கு வருஷப்பிறப்பு, கதவில் மாவிலை கட்டியிருந்தது. அவர் மனைவி சிவகாமசுந்தரி கதவை ஒரு விரல் அளவு திறந்து, "அவர் வீட்ல இல்ல பாய்" என்றாள். உள்ளேயிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகை வருதேம்மா என்றேன். அந்தப் பெண் கதவை மூடப் போக, உள்ளேயிருந்து துரைசாமியே, "விடு சுந்தரி, வரட்டும்" என்றார். அடுப்படித் தரையில் பனியனோடு உட்கார்ந்து கார்டுகளைக் கிழித்துக் கிழித்துக் கரி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ரங்கூன் கோயில், கொழும்புத் துறைமுகம், சென்னைக் கடற்கரை, எல்லாம் சுருண்டு கறுத்துக் கிடந்தன. பிஸ்கட் டப்பா காலியாகப் பக்கத்தில் கிடந்தது. கண் சிவந்திருந்தது, புகையாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. "மூணு பொம்பளப் பிள்ளைங்க பாய். வேலை போனா சம்பளமும் போச்சு, அப்புறம் இந்த வீட்டையும் யாரு குடுத்து வைப்பா. ஆபீஸ்ல பெரியவர் முன்னாடி வச்சுக் கேட்டாங்க. தெரியாதுன்னு வாயில வந்துருச்சு. அதுலேருந்து சோறு இறங்கல" என்றார்.

நான் கார்டை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் கை அடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. "இதக் குடுக்கப் போறீங்களா" என்றார். "குடுக்கத்தான் எடுத்துக்கிட்டு வந்தேன். உங்கள மிரட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். "இப்ப?" என்றார். உள் அறை வாசலில் அந்த மூன்று பிள்ளைகளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றன. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கார்டை அங்கேயே விட்டுவிட்டது புரிந்தது. திரும்பிப் போய் வாங்க என்னால் முடியவில்லை. உம்மாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எரியிற அடுப்புக்குப் பக்கத்துலயா வச்சுட்டு வந்தீங்க" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முழுக்க ஒரு செய்தியும் இல்லை. கடையில் பூட்டு வாங்க வந்தவருக்குக் கீலை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மகனைப் பார்க்க விடுவார்களா என்று கேட்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பெஞ்சில் துரைசாமி உட்கார்ந்திருந்தார், ஆபீஸுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, கால்சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். பக்கத்தில் சிவகாமசுந்தரி, மடியில் சோற்றுக் கேரியர். அவர் சட்டைப்பையில் அந்தக் கார்டின் ஓரம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டபோது அவர் எழுந்து என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்களோ பாய், இவள வீட்ல விட்டுருங்க" என்றார். சிவகாமசுந்தரி, "நான் எங்கயும் போகல" என்று சொல்லி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நானும் ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பி வந்து அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுதிக் கொடுத்ததையும் கார்டுகளின் பின்னால் இருந்த இரண்டாவது கையெழுத்தையும் ஒத்துப் பார்த்து, மறுநாள் ரவூப்பை விட்டார்கள்.

ஆள் பாதியாக வந்தான். யாரும் அடிக்கவில்லை என்கிறான், நம்புகிறேன். ஆனால் உன் சிநேகிதன் உன்னைத் தெரியாது என்கிறான் என்று அவர்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவனை விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை துரைசாமி கடைக்கு வந்தார், அவர் தலையைப் பார்த்ததும் இவன் மாடிக்குப் போய்விட்டான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. ரவூப்பின் ஆபீஸிலும் பிறகு வா என்றே சொல்கிறார்கள். உம்மாதான் அவனிடம் பேசினாள், அத்தனை கோபப்பட்டவள். "பயந்த மனுசன் ஓடி ஒளிஞ்சிருக்கலாம்டா. அவரு பயந்துக்கிட்டேதான் வந்தாரு" என்றாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

போன வாரக் கடைசியில் கார்டுகளைக் கட்டாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள், சுரபாயாக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கட்டைப் பின்கட்டு மேசையில் வைத்தேன், ரவூப் தொடவில்லை. நேற்று மறுபடியும் துரைசாமி வந்தார். இந்தத் தடவை ரவூப் மேசையருகில் இருந்தான், எழுந்து போகவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அவர் வாசற்படி தாண்டாமலே நின்றார். நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஆணிகளைத் தரம் பிரிப்பதுபோல் பாவனை செய்தேன். வெகு நேரம் கழித்து இவன் கேட்டான், "உங்க கார்டு ஒண்ணுகூட மிச்சம் இல்லையா சார்?" அவர், "இல்ல தம்பி, எல்லாத்தையும் எரிச்சுட்டேன்" என்றார். பிறகு ரவூப் காலால் எதிர் நாற்காலியை வெளியே தள்ளினான். "உக்காருங்க சார்" என்றான். இரண்டு பேரும் அந்தக் கார்டுக் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யாரும் முடிச்சை அவிழ்க்கவில்லை. உம்மா இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள்.

நீ ரவூப்புக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இதைப் பற்றி எதுவும் கேட்காதே, உன் வேலை, விடுதி, சாப்பாடு என்று வழக்கம்போல் எழுது, அவன் உனக்குப் பதில் எழுதுவான். படக் கார்டு இப்போதைக்கு வேண்டாம், கவரில் போட்டு ஒட்டி அனுப்பு. தொழுகையை விடாதே, இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. வல்ல இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் தந்து, போன காரியத்தை முடித்துப் பத்திரமாக எங்கள் கண் முன்னே கொண்டுவந்து சேர்க்கட்டும். உம்மாவின் ஸலாமும் முத்தமும்.

உன் மீது உயிரையே வைத்திருக்கும் வாப்பா,
மு. அப்துல் அலீம்