மலையடியில் கழற்றிய செருப்பு

ஞாயிறு, வைகாசி.

உச்சியில் நின்றால் வாவியும் அதற்கு அப்பால் கடலும் தெரியும் என்று ஆசை காட்டித்தான் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போனேன். வெள்ளெனப் போயிருக்க வேண்டும். நான் எழும்பப் பிந்தியதால் ஏறத் தொடங்கவே பத்து மணியாகிவிட்டது.

மேலே கோயில் இருக்கிறது, செருப்போடு ஏறக்கூடாது என்று அடியிலேயே கழற்ற வைத்தேன். பாறை எனக்கே சுட்டது. சின்னவனுக்குச் சுடும் என்று தோளில் தூக்கிக்கொண்டேன். ஏழு வயது மகளிடம், "அழுதா இனி ஒரு இடமும் கூட்டிப் போகமாட்டன்" என்றேன்.

அவள் நுனிக்காலில் துள்ளித் துள்ளி வந்தாள். விளையாடுகிறாள் என்று வீடியோ எடுத்தேன். சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள்.

பின்னேரம் மகளுக்குக் கால் கழுவிவிட்ட மனைவிதான் கண்டாள், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மருந்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருந்து பூசும்போது மகள் கேட்டாள்: "நான் அழயில்லத்தானே அப்பா. அடுத்த முறையும் கூட்டிப் போவீங்கதானே?"

"ஓம் மகள்."

அந்த வீடியோவை இப்போது திரும்பப் பார்த்தேன். சிரிப்பதற்கு முன் ஒருதரம் அவள் கீழே, செருப்பு கிடந்த பக்கம் பார்க்கிறாள்.