முழு விலாசத்தோடு ஒரு வேண்டுதல்

மார்ச் 4, புதன்

நீயே சொல்லு சாமி, பேரும் விலாசமும் இல்லாமல் வேண்டினால் எந்த வீட்டுக்குப் போவது என்று உனக்கு எப்படித் தெரியும்? எங்கள் போன் பிரார்த்தனைக் குழுவில் நான் கொண்டுவந்த வழக்கம் அது. யாருக்கு வேண்டுதலோ அவர் பேர், தெரு, மாடி எல்லாம் எழுத வேண்டும். இன்று என் மகன் முறை. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நின்று நின்று முழங்கால் வலி. வெள்ளிக்கிழமைதோறும் அவன் அறையில் நண்பர்கள் கூட்டுப் பிரார்த்தனைக்குச் சேர்கிறார்கள், அவர்களையும் காப்பாற்று என்று எழுதினேன். கதவு நம்பர் வரை போட்டாயிற்று. மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

மகன் கூப்பிட்டான். அவனும் குழுவில் இருக்கிறான், ஆனால் புதன்கிழமை நான் எழுதியது அவனுக்கு மட்டும் வரவில்லையாம். தங்கை மகளிடம் கேட்டேன். நான் இருப்பது அவளோடுதான். அந்தக் குழு ஓடுகிற ஆப்பை நடத்தும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை.

"அந்த நாட்டுக்குள்ள 'கூட்டுப் பிரார்த்தனை'ன்னு எழுதினா போகாது பெரியம்மா. அவங்க அரசாங்கம் கேட்டுச்சு, எங்க கம்பெனி தடுத்து வச்சிருக்கு."

"எனக்கும் சாமிக்கும் நடுவுல உங்க கம்பெனிக்கு என்னடி வேலை?"

"சாமிக்குப் போயிருக்கும். அண்ணனுக்குத்தான் போகல."

சிரித்துவிட்டேன். வாயாடி, என்னைப் போலவே.

மார்ச் 10, செவ்வாய்

சிரிப்பெல்லாம் போச்சு. தங்கை மகள் தோள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தடுத்த செய்தியால்தான் எங்கள் குழு அவர்கள் கண்ணில் பட்டதாம். குழுவில் எழுதியது அத்தனையும் வேண்டும் என்று அந்த அரசாங்கம் கம்பெனியிடம் கேட்டிருக்கிறது. அப்படி வருவதையெல்லாம் பார்த்துப் பதில் போடுவதுதான் இவள் வேலை. பார்த்தால் என் நம்பர்.

"அனுமதி இல்லாம கூடினா அங்க ஜெயில். கதவு நம்பர் வரைக்கும் ஏன் எழுதினீங்க?"

"அழிச்சிடட்டுமா?"

"உங்க போன்லதான் அழியும். எங்ககிட்ட இருக்கும்."

உனக்குன்னுதானே எழுதினேன் சாமி? எம்புள்ள வீட்டுக்கு நானே வழி சொல்லிக் குடுத்துட்டேனே —

மார்ச் 11, புதன்

இன்று வேண்டும்போது யார் பேரும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

அவள் ஆபீசில் இதைப் பற்றிக் கூட்டம். கேட்டதைக் கொடுக்காவிட்டால் அந்த நாட்டில் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று வக்கீல் சொன்னாராம். கோர்ட் உத்தரவு இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இவள் நின்றிருக்கிறாள்.

"சொந்தக்காரங்கன்னா மட்டும் சட்டம் ஞாபகம் வருதா?" என்று மேலாளர் கேட்டாராம்.

"நீ என்னடி சொன்னே?"

"நியாயமான கேள்விதான்னேன். போன மாசம் யாரோ ஒரு கடைக்காரர் எழுதினதைக் கேட்டாங்க, கோர்ட் உத்தரவு இல்லாமலே குடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் பெரியம்மா. அவருக்கும் அம்மா இருப்பாங்கல்ல."

அந்தக் கடைக்காரருக்கு வேண்டிக்கொண்டேன். பேரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நீ இருக்கிறாய் சாமி. கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள் என்று கம்பெனி பதில் அனுப்பிவிட்டது. நேற்றுக் காலை மகன் போன். முழங்கால் தேவலையாம், அறையும் மாற்றிவிட்டானாம்.

"புது விலாசம் எழுதிக்கிறியாம்மா?"

"வேணாம்பா. வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவன் சிரித்ததைக் கேட்டு எத்தனை நாளாச்சு. வீட்டையெல்லாம் கழுவி, திரைச்சீலை துவைத்து, பால்காரரிடம் அரைமணி நேரம் கதையளந்து, நன்றாகத் தூங்கினேன்.

எழுத விட்டுப்போச்சு, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நேற்றுச் செருப்பு மாட்டும்போது தங்கை மகள் ஒன்று சொன்னாள். அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம்; திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலியில் வேறு ஆள். அப்போதுதான் மகன் போன் அடித்தது. "சரிடி, பார்த்துப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.