முட்டிக்கொள்ள அங்கே சுவர் இல்லை

அன்பு மகளுக்கு,

அன்று கருந்துளைகளைப் பற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியதும், "எத்தனை தடவை திக்கினேம்மா?" என்று கேட்டாய். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உன் பேச்சு முடிந்ததும் ஓர் அம்மாள், "கருந்துளையோட எல்லைல போய் முட்டிக்குவோமா?" என்றார். "முட்ட அங்க செவுரே இல்லீங்க. பெரிய கருந்துளைன்னா தாண்டினதே தெரியாது. அப்புறம் டார்ச் அடிச்சாக்கூட வெளிச்சம் வெளிய வராது" என்றாய். "என் மாமியார் வீடுன்னு சொல்லு!" என்றார் அவர். அரங்கமே சிரித்தது.

காலமெல்லாம் வகுப்பறையில் உதாரணம் தேடியவள் நான். இவ்வளவு எளிதாக எனக்கு வாய்த்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் கேட்காமலேயே, "என் பொண்ணு" என்றேன்.

சிறுவயதிலிருந்து உன் திக்கலை எண்ணியே பழகியவள், அன்று எண்ண மறந்துவிட்டேன், கண்ணே.

வேலைக்கான நேர்காணலில் எழுதிவைத்துப் படிக்கப் போகிறாயாமே. தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பேசிப் பார்.

உன் அம்மா