மயில் மேல் இருப்பவர் பெயர்

சிவகாசி
12-8-1961

அன்பு மனைவி தங்கத்தாய்க்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை விடாமல் தேய். நான் சௌக்கியம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

இந்தப் பட்டாசுக் கம்பெனியில் புதிதாக வருபவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நம்பர் போட்ட பித்தளை வில்லை கொடுப்பது என் வேலை. வில்லை இல்லாதவரை வாசலில் விடமாட்டார்கள். போன வாரம் விஸ்வநத்தத்திலிருந்து இருளம்மாள் என்ற பெண் வந்தாள். புருஷன் பெயரைக் கேட்டேன்.

"அத நான் எப்பிடிய்யா சொல்லுவேன்? மயிலு மேல இருப்பாருல்ல, அவரு பேருதான்" என்றாள்.

முருகன் என்று எழுதிவிட்டேன். முருகன் மனைவி இருளம்மாள் என்று ஏற்கெனவே ஒருத்தி பதிவேட்டில் இருக்கிறாள். ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் என்று நினைத்து மானேஜர் புதியதை அடித்துவிட்டார். மறுநாள் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவள் புருஷன் பெயர் ஆறுமுகம் என்று அவள் ஊர்க்காரி சொன்ன பிறகுதான் தெரிந்தது. முருகனுக்கு எத்தனை பெயர்கள்! முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

தவறு என்னுடையது என்று மானேஜரிடம் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று.

"இம்புட்டுதானா? இதுக்கா இப்பிடி நடுங்குறீக?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சொல்லி அனுப்பியும் அவள் இன்னும் வரவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கவலைப்படாதே.

இரண்டு பனியன் அனுப்பு. கடிதத்தை நீ எழுதினாலும், உறை மேல் என் பெயரை மட்டும் தபால்காரரை எழுதச் சொல்கிறாய். இந்த முறை அதையும் நீயே எழுது. எழுதினால் சொன்னதாக ஆகாது.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது.

ரத்தினசாமி