காக்கியில் குடிக்காத தேத்தண்ணி

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று வகுப்பில் பொலிஸ் தோன்றிய கதையைச் சொன்னேன். முன்பெல்லாம் பொருளைப் பறிகொடுத்தவரே திருடனைப் பிடிக்கக் கூலி கொடுப்பார். யார் பக்கமும் சாயாமல் இருக்கத்தான் பிறகு சம்பளமும் சீருடையும் வந்தன என்றேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சண்டை. எதிர் லயத்துக்காரன் தன் கேஸ் சிலிண்டரைத் திருடிவிட்டான் என்று பக்கத்து வீட்டு ராக்கம்மா முறைப்பாடு செய்திருந்தார். விசாரிக்க வந்தவள் கலைவாணி, இங்கேயே பிறந்து கான்ஸ்டபிள் ஆனவள். ராக்கம்மா தேத்தண்ணி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"காக்கி போட்டதும் எங்க தேத்தண்ணி கசக்குதாடி?"

"டியூட்டியில இருக்கேன் அத்தை. எதிர் லயத்துக்காரங்களும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

என்ன திமிர் என்று எனக்கே கோபம் வந்தது.

விசாரித்தால், சிலிண்டரை விற்றது ராக்கம்மாவின் மகன். எல்லார் முன்னாலும் அதைச் சொல்லி, அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

இருட்டியதும் சுடிதாரில் தனியாகத் திரும்பி வந்தாள். அதற்கு இன்னும் துணிச்சல் வேண்டும்.

"டியூட்டி முடிஞ்சிருச்சு அத்தை. இப்ப தேத்தண்ணி குடுங்க."

ராக்கம்மா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு அழுதுகொண்டே விறகடுப்பைப் பற்றவைத்தார்.