அவர் பக்கத்து மீற்றர்

ஜூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று. விடியவே முற்றம் முழுக்க மணல். இவருக்கு இன்று பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. போய்ச் சேரவில்லை.

கடலுக்கு நடுவே போகிற பண்ணைத் தாம்போதியில் கார் நின்றுவிட்டது. மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் இவர் இடக்கையை எட்டிப் போட்டு என் கையில் தட்டத் தொடங்கினார். "அது... அது..." பக்கவாதம் வந்த பிறகு இவரிடம் மிஞ்சியிருப்பது ஓம், சீ, அது. என்ன கேட்டாலும் இவற்றில் ஒன்று. நான் முன்னாலிருந்த மீற்றரைப் பார்த்தேன். சூட்டு முள் நடுவில். கொஞ்ச நேரத்தில் நடுவுக்கும் கீழே. சூடு குறைகிறது, பிறகென்ன. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் எதிரே வரிசையாக. இவர் இன்னும் பலமாக அடித்தார்.

"சும்மா இருங்கோப்பா. கார் ஓடுறன் எல்லோ."

கத்தித்தான் சொன்னேன். பிறகு பொனற்றுக்குள் இருந்து வெள்ளையாக ஆவி. எஞ்சின் தானாக நின்றது.

மீன் ஏற்றுகிற வானில் வந்த ஒருவர் இறங்கி வந்தார். "மூடியைத் திறந்துபோடாதேங்கோ அக்கா. முகம் வெந்துபோம்." புளியங்கூடல் ரூபனுக்குப் போன். இவர் தன் காரைத் தொடவிடுகிற ஒரே மெக்கானிக் அவன்தான். பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துப் போனான். நாங்கள் ஓட்டோவில் வீடு. ஓட்டோவில் ஏற இவருக்குத் துளியும் விருப்பமில்லை. ஏறினார்.

சோறு வேண்டாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கை. இவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. மணத்தை வைத்தோ, சத்தத்தை வைத்தோ. சொல்லத்தான் ஏலவில்லை.

ஜூலை 9, புதன்

காற்று அப்படியே. உளுந்து காயவைக்க ஏலாது.

ரூபன் போன் எடுத்தான். தண்ணி போகிற ரியூப் வெடித்ததாம். மூடியைக் கழற்றிப் பார்த்ததில் எஞ்சின் தலை வளையவில்லை. "கடவுள் காப்பாத்திப்போட்டார். இன்னும் ஒரு மைல் ஓடியிருந்தால் எஞ்சினைத் தூக்கி எறியவேணும்."

"முள் கீழை எல்லோ போனது தம்பி?"

"தண்ணி முழுக்கப் போனால் அது காத்தைத்தான் அளக்கும். அதை நம்பாதேங்கோ அக்கா. டிஜிற்றல் மீற்றர் ஒண்டு போடுவம். தண்ணிச் சூடு, ஒயில் சூடு, ஒயில் பிறசர், பற்றறி எல்லாம் ஒரே வட்டத்துக்குள்ளை காட்டும். ஒயில் பிறசரும் சூடும் சேர்த்துப் பாத்தால் ஏமாத்தாது."

இவருக்குச் சொன்னேன். தலை வளையவில்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னேரம் லண்டனில் இருந்து சிந்து வீடியோவில். நடந்ததை ஏன் மகளுக்குச் சொன்னேன் என்று இருக்கிறது. "அம்மா, ரெண்டு பேர் மட்டும் இருக்கிற கார். நிலத்தோடை ஒட்டின சீற். அப்பாவை இறக்கி ஏத்த உங்கடை இடுப்பு, நாரி எல்லாம் முறியுது. வித்துப்போட்டு ஒரு நல்ல வான் எடுங்கோவன்." நியாயமான பேச்சு. ஆனால் கொழும்பில் வேலை செய்த காலத்தில் இவர் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டின ஸ்போர்ட்ஸ் கார் இது. பக்கவாதம் வந்து சரவணைக்கு, என் பிறந்த வீட்டுக்கு, வந்தபோது எங்களிடமிருந்த வானை விற்றோம், இதை விற்கவில்லை. வேறு எதில் ஏற்றினாலும் சரிந்து இருப்பார். இதில் நிமிர்ந்து இருப்பார். போனில் இதை எப்படிச் சொல்வது. "பாப்பம்" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

கோயில். எண்ணெய் முடிந்தது. தேங்காய் வாங்க வேண்டும்.

மீற்றர் பார்க்கத் தொடங்கினேன். ரூபன் வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தான். எனக்கு விளங்கிய அளவில்:

ஒன்று, காரின் கம்பியூட்டரில் செருகுவது. எங்கள் கார் பழையது, செருக இடமே இல்லை. விட்டாச்சு.

மற்றது, சூடு கூடினால் கூவுகிறது. ரூபனுக்கு இதுதான் பிடித்தம்.

இன்னொன்று, நிறம் நிறமாக மாறும் திரை, எழுத்துகள் நுளம்பு மாதிரிப் பொடிப்பொடியாக. வெயிலில் ஒன்றும் தெரியாது.

இவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கூவுகிற மீற்றரின் வீடியோவைக் காட்டினேன். "பாருங்கோ, இனி நாங்கள் ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை. இதுவே சொல்லிப்போடும்." பீப் பீப் என்று கத்தியது. இவர் எழும்பினார். காலை இழுத்து இழுத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். குசினியில் வெங்காயம் வெட்டும்போதுதான் உறைத்தது. இதுவே சொல்லிப்போடும் என்றேனே. அன்றைக்குத் தாம்போதியில் சொன்னவர் இவர். கேட்காமல் ஓடினவள் நான். அதற்கு மருந்தாக இவருக்குப் பதில் ஒரு பெட்டியை வாங்கிப் பூட்டப் பார்க்கிறேன்.

வெட்டின வெங்காயம் வெட்டினபடி. போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. சரி, படுக்கட்டும்.

ஜூலை 12, சனி

காற்றுக் கொஞ்சம் தணிவு.

தேத்தண்ணியோடு போனேன். "இஞ்சருங்கோ. கார் ஓடேக்கை நான் ரோட்டைப் பாக்கவேணும். மீற்றரை ஆர் பாக்கிறது?"

தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு இடக்கையால் தன் நெஞ்சில் தொட்டார்.

"அப்ப நீங்களே பாத்து எடுங்கோ."

போனை மடியில் வைத்தேன். மத்தியானம்வரை போன் இவரிடம்தான். படத்தைப் பெருப்பிக்க ஒரு கை காணாது, நான் பிடித்துக்கொண்டேன். அழகானதையெல்லாம் சீ. தங்கக் கரை போட்டதற்கு இரட்டைச் சீ. கடைசியில் ஒன்று: கறுப்புத் திரை, வெள்ளை இலக்கம், தண்ணிச் சூடு மட்டும் பெரிதாக, மற்றது கீழே சிறிதாக. போன பயணத்தில் உச்சச் சூடு எவ்வளவு என்பதையும் நினைவில் வைத்திருக்குமாம். ஓம் என்றார். அந்த ஓம் வேறு மாதிரி இருந்தது.

ரூபன் இழுத்தான். "அக்கா, இதிலை கூவுறது மெத்தக் குறைவு. அதோடை வயர் வேலையும் கூட."

"அண்ணை எடுத்தது தம்பி."

"அப்ப சரி."

சிந்துவுக்கு: கார் விற்கவில்லை. ஒரு முகக்குறி மட்டும் வந்தது, கோபமா சிரிப்பா விளங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பார்சல் கொழும்பில் இருந்து வந்துவிட்டது. கோயிலுக்குப் போகவில்லை. நேரே ரூபனின் கராஜ்.

ரேடியேற்றர் ரியூப்பை வெட்டி நடுவில் ஒரு துண்டு, அதில் ஒரு சென்சர். ஒயில் பில்ரர் பக்கம் மற்றவை. இவர் கதிரையில் இருந்தபடி விடாமல் பார்த்தார். ஓர் இடத்தில் ரூபன் நட்டை இறுக்கியதும் "அது" என்றார். ரூபன் தொட்டுப் பார்த்தான், திரும்பக் கழற்றிக் கசியாதபடி நாடா சுற்றிப் பூட்டினான்.

மீற்றரை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. ரூபன் ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினான்.

"சீ."

கொஞ்சம் நடுவுக்கு.

"சீ." எழும்பி வந்து தன் சீற்றுக்கு முன்னால் விரலால் குத்தினார்.

"அண்ணை, ஓடுறது அக்கா எல்லோ. அவவுக்குத் தெரியவேண்டாமே?"

நான் சொன்னேன்: "அங்கையே வையும் தம்பி. அவர் சொல்லுவார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. ரூபன் நிலத்தைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

ரூபன் அங்கேயே பூட்டினான்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். காற்று முதுகுப் பக்கம். முதுகுக் காற்றில் ரேடியேற்றருக்குக் காற்றுக் காணாதாம், ரூபன் சொல்லிவிட்டவன். மெல்ல ஓடச் சொன்னான்.

வேலணை தாண்டும்வரை ஒரு சத்தமும் இல்லை. இவர் குனிந்து மீற்றரையே பார்த்தபடி. எனக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அல்லைப்பிட்டிக்குக் கிட்ட வாய் அசைந்தது.

"எண்... எண்..."

நான் ரோட்டையே பார்த்தேன்.

"எண்பது."

எட்டிப் பார்த்தேன். எண்பத்தாறு. திருத்தவில்லை. இவரே தலையை ஆட்டினார், சீ என்றார், கண்ணை மூடித் திறந்தார்.

"எண்பத்தி... ஆறு."

"ஓம்" என்றேன், அவ்வளவுதான். எண்பத்தேழு வந்தது. எண்பத்தெட்டுக்கு எழுபத்தெட்டு என்றார், அடுத்த முறை சரி. இவருக்கு வியர்த்து ஊற்றியது. கைலேஞ்சி எடுத்து முகம் துடைக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை வழக்கம்போல இலக்க அட்டைகளை வைத்தா. எட்டைக் காட்டி, "இது என்ன ஐயா?" இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, காரை. நான் நடந்ததைச் சொன்னேன். "அப்பிடியோ? அப்ப கெதியா வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சிரித்தா.

திரும்பும்போது தாம்போதியில் முன்னால் ஒரு லொறி, நத்தை வேகம். முந்த வழியில்லை.

"தொண்ணூறு."

பிறகு, "தொண்ணூற்றி... மூண்டு."

காலை எடுத்துவிட்டேன். அன்றைய வெள்ளை ஆவி கண்ணுக்குள் வந்தது. ஓரமாக நிற்பாட்டப் போனேன். இவர் குனிந்து கீழேயுள்ள சிறிய இலக்கங்களைப் பார்த்தார், ஒயில் பிறசர், ஒயில் சூடு. ரேடியேற்றர் விசிறி சுழலத் தொடங்கும் சத்தம். காதைச் சரித்துக் கேட்டார். நிமிர்ந்தார்.

"ஓடும்."

கலியாணம் கட்டின நாள் முதல் என்னை நீர், வாரும், இரும் என்றே சொல்லி வந்தவர். கார் ஓடும் என்றாரா, என்னை ஓடும் என்றாரா, தெரியாது. கேட்கவில்லை.

ஓடினேன்.