நான் சரி என்று சொன்ன ஒரு வாக்கியம்

பிரியமுள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ போனபிறகு, அரியலூர் வீட்டில் ஒரு போனைச் சமையற்கட்டில் வைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து அதற்கு நானே கூப்பிடுகிறேன். கூடத்தில் நின்று "சாப்புட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, சமையற்கட்டுக்கு ஓடிப்போய் "ஆச்சுக்கா" என்கிறேன். ஆபீசில் கேட்டால் சோதனை என்று சமாளிக்கலாம். ஐம்பதைத் தொடப்போகிறவனுக்கு இது தேவையா?

வீடியோ போனில் பேச்சு போய்ச்சேரும் விதத்தை வடிவமைக்கிறவன் உன் தம்பி. உனக்கு அதை விளக்கினேனே, ஞாபகம் இருக்கா? பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவோம். கடிதம், போட்டோ என்றால் விட்டுப்போன துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். பேச்சில் அப்படிக் காத்திருந்தால் பேச்சே நின்றுவிடும். அதனால் கண்சிமிட்டும் நேரத்துக்குள் வராத துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். எவ்வளவு பொறுப்பது என்று முடிவு செய்கிறவன் நான்தான்.

"ஏண்டா, பந்திக்கு லேட்டா வந்தா சோறு கெடையாதுன்னு வெரட்டுவியா?"

"ஆமாக்கா. எலை எடுத்தாச்சு."

"வெளங்கும். அதான் உனக்கு எவனும் பொண்ணு குடுக்கல."

வேப்பந்தட்டை வெங்காயக் காட்டிலிருந்து நீ பேசினால் பாதிதான் வரும். ஒரு நாள், "பொறுக்குற நேரத்தக் கூட்டிட்டேன்க்கா, இனிமே ஒரு வார்த்த விடாது" என்று பீற்றிக்கொண்டேன். மறுநாள் நீ பேசும்போது நடுவில் ஒரு வாக்கியத்தைக் காணோம். "என்னக்கா?" என்று கேட்டால் மானம் போய்விடுமே!

"சரிக்கா, செஞ்சுடுறேன்."

"நெசமா?"

"நெசமா."

நீ சிரித்தாய். அந்த வாரமே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். நான் எதற்கு வாக்குக் கொடுத்தேன்?

மாமாவை வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன். உன் வீட்டுக்காரர் இன்னும் போனைக் காதில்தான் வைக்கிறார். அந்தக் காது முடியைப் பார்த்துக்கொண்டேதான் பேசவேண்டியிருக்கிறது.

"அன்னிக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? அக்கா என்ன கேட்டுச்சு?"

"நான் மூட்டை புடிச்சுக்கிட்டு இருந்தேன் மாப்ள. ஒங்கிட்டதான சொன்னா."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

என்னவாக இருக்கும்? ரொம்ப நாளாகத் திட்டுவாயே என்று சொத்தைப் பல்லைப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் பெரம்பலூர் பஸ் ஏறி, மாமாவுக்குக் கறி எடுத்துப் போய் ஆக்கிப் போடுகிறேன். என் சமையலுக்கு அவர் உன்னைத்தான் திட்டுகிறார். நீ கேட்டது இதில் ஏதாவது ஒன்றா, அக்கா?

தெரியாவிட்டால் என்ன, தோன்றுகிறதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே இருப்பேன். விடமாட்டேன்.

இப்படிக்கு,
வாயை மட்டும் வளர்த்த உன் தம்பி

பி.கு.: நான் வாக்குக் கொடுத்த அந்த அழைப்பின் பதிவை நேற்று திறந்தேன். பேச்சு அதில் இருக்காது. எந்தத் துண்டு எப்போது வந்தது என்பது மட்டும் இருக்கும். அன்றைக்கு ஒரு துண்டுகூடத் தாமதமில்லை அக்கா. எல்லாமே என் காதுவரை வந்து சேர்ந்திருக்கிறது.